குறட்டை நல்லுறக்கத்தின் அடையாளமா?

"படுத்தவுடன் குறட்டை விட்டுத் தூங்கிவிட்டான்" என்று ஒருவரைப் பற்றி நம் வீடுகளில் சொல்லும்போது அதில் ஒரு மெச்சுதலும் சிறிது பொறாமையும் கலந்திருப்பதைக் காணலாம். கவலையற்றவன், நன்றாக உழைத்தவன், தேக சுகம் உள்ளவன் என்பதே அதன் பொருள். கும்பகர்ணன் பெயரைச் சொல்லிக் கேலி செய்வதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. பகலெல்லாம் தறிக்குழியிலோ கழனியிலோ பாடுபட்டவர் இரவில் குறட்டை விடுவது இயல்புதானே என்று எண்ணிக்கொள்கிறோம். குறட்டை விடுவோர் அனைவரும் நோயாளிகள் அல்லர் என்பது மெய்யே. ஆயினும் குறட்டையை நல்லுறக்கத்தின் அடையாளமாகக் கொள்வது பிழை. காற்று செல்லும் வழி குறுகியிருக்கிறது என்பதையே அது காட்டுகிறது. சிலரிடத்தில் அவ்வழி ஓர் இரவில் பல முறை முற்றிலும் அடைபட்டும் போகிறது. இந்த இரண்டாம் வகையினரைப் பற்றியே நம் அங்கத்தினர்களுக்குச் சில செய்திகளை இங்கே சொல்ல விரும்புகிறோம்.

தாம்பரத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழ்பவர்களுக்கு மூச்சு சம்பந்தமான வைத்தியம் புதிதன்று. கடற்கரையிலிருந்து வரும் மின்சார ரயில் நிற்கும் நிலையங்களுள் ஒன்றின் பெயரே தாம்பரம் சானடோரியம். டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரன் சவுரி முத்து என்பவர் 1928-ஆம் ஆண்டில் க்ஷயரோகிகளுக்காக இங்கே தொடங்கிய ஆரோக்கிய நிலையமே அப்பெயருக்குக் காரணம். அவர் முன்னரே இங்கிலாந்தில் அத்தகைய நிலையம் ஒன்றை நடத்தியவர். கணித மேதை இராமானுஜன் 1917-இல் அங்கே சிறிது காலம் தங்கிச் சிகிச்சை பெற்றார். தாம்பரம் நிலையம் 1937-இல் அரசாங்கத்தின் வசம் வந்தது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக இருக்கிறது. இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் சளியைப் பரிசோதிக்க வேண்டும் என்ற அறிவு, அந்த நிலையம் தொடங்கிய நாளிலிருந்து சிறிது சிறிதாகப் பரவி இன்று கிராமங்கள் வரை வந்திருக்கிறது. இருமலுக்கு அஞ்சக் கற்றுக்கொண்ட நாம் குறட்டைக்கு அஞ்சக் கற்றுக்கொள்ளவில்லை. க்ஷயரோகியின் இருமல் பிறருக்கு நோயைத் தொற்றச் செய்யும். குறட்டை பிறர் தூக்கத்தைக் கெடுப்பதோடு நின்றுவிடும். அதனால்தானோ என்னவோ, அதை நோய்க் கணக்கில் சேர்க்க நமக்கு மனம் வருவதில்லை.

தொண்டைக்குள் நடப்பது என்ன என்பதைக் கிணற்றில் மோட்டார் வைத்து நீர் இறைக்கும் விவசாயிக்கு விளக்குவது எளிது. பம்புக்கு நீரை ஏற்றும் சக்ஷன் குழாய் கெட்டியானதாக, உள்ளே கம்பிச் சுருள் வைத்ததாக இருக்கும். வயலுக்கு நீர் கொண்டுபோகும் டெலிவரி குழாயோ துணிபோல் மெல்லியதாக இருந்தாலும் போதும். உள்ளிருந்து தள்ளும் நீர் அதை விரித்து வைத்துக்கொள்ளும். உறிஞ்சும் பக்கத்தில் மெல்லிய குழாயை மாட்டினால் அது ஒட்டிப்போய் நீரே வராது. நாம் மூச்சை இழுக்கும்போது நம் தொண்டை உறிஞ்சு குழாய்தான். ஆனால் அதற்குக் கம்பிச் சுருள் கிடையாது. மூக்குக்குப் பின்னாலிருந்து குரல்வளை வரையுள்ள பகுதி தசைகளாலேயே ஆனது. விழித்திருக்கும்போது அத்தசைகள் முறுக்கோடு நின்று வழியைத் திறந்து வைக்கின்றன. உறங்கும்போது அவை தளர்கின்றன. அண்ணத்தின் மென்மையான பின்பகுதியும் உள்நாக்கும் தொங்குகின்றன. மல்லாந்து படுத்தவருக்கு நாவின் அடிப்பகுதியும் பின்னே சரிகிறது. குறுகிய வழியில் காற்று விரைந்து போகையில் அந்த மென்சதைகள் அதிர்கின்றன; அந்த அதிர்வின் ஒலியே குறட்டை. கழுத்தில் கொழுப்பு மிகுந்தவருக்கும், கீழ்த்தாடை பின்னடைந்து அமைந்தவருக்கும், டான்சில் பெருத்தவருக்கும் வழி முதலிலேயே சிறிது. தசைகள் இன்னும் சற்றுத் தளர்ந்தால் அக்குழாய் ஒட்டிக்கொள்கிறது.

அப்போது குறட்டை நின்றுவிடுகிறது. பக்கத்தில் படுத்திருப்பவர் "அப்பாடா" என்று நினைக்கும் நேரம் அது. உண்மையில் அஞ்ச வேண்டிய நேரமும் அதுவே. மார்பும் வயிறும் மூச்சுக்காக ஏறி இறங்குகின்றன. காற்று மட்டும் உள்ளே போவதில்லை. பத்து விநாடியோ அதற்கு மேலோ இவ்வாறு நின்றால் அதை வைத்தியர்கள் ஒரு மூச்சடைப்பு என்று கணக்கிடுகிறார்கள். அரை நிமிஷம், ஒரு நிமிஷம் நிற்பதும் உண்டு. இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை அபாயத்தை உணர்ந்து தூங்குபவரை அரைகுறையாக எழுப்புகிறது; அவர் பெருமூச்சோடோ செருமலோடோ திமிறிக் காற்றை இழுக்கிறார்; மறுபடி உறக்கம், மறுபடி குறட்டை, மறுபடி நிசப்தம். இதனையே ஆங்கில வைத்தியத்தில் ஸ்லீப் ஆப்னியா என்கிறார்கள். நாம் உறக்க மூச்சடைப்பு எனலாம். மணிக்கு 5 முதல் 15 தடவை வரை மூச்சு நின்றாலோ வெகுவாகக் குறைந்தாலோ அது இலேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரம். 30-க்கு மேற்பட்டால் கடுமையானது. மணிக்கு 30 என்றால் ஏழு மணி நேர உறக்கத்தில் 210 தடவை. ஒரு நாளில் 210 முறை பாவு அறுந்து, ஒவ்வொரு முறையும் தறியை நிறுத்தி இழையைப் பிணைத்தால் எத்தனை முழம் நெய்ய முடியும், அந்தத் துணிதான் எப்படியிருக்கும் என்பதை நம் நெசவாளர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எட்டு மணி நேரம் படுத்தும் களைப்பு நீங்காததன் காரணம் இதுதான்.

இந்நோயில் ஒரு விசேஷம் உண்டு. நோய் உள்ளவருக்கு அது தெரியாது. வயிற்று வலி என்றால் வலி உள்ளவர் சொல்வார்; கண் மங்கினால் மங்கியவர் சொல்வார். இதிலோ இரவில் இருநூறு முறை விழித்தவர், காலையில் "நன்றாகத்தான் தூங்கினேன்" என்று மனமாரச் சொல்வார். அவ்விழிப்புகள் நினைவில் நிற்கும் அளவுக்கு நீள்வதில்லை. முழுவதையும் கேட்டுக்கொண்டு விழித்திருப்பவர் வேறொருவர். பெரும்பாலும் அவர் மனைவி. மூச்சு நின்ற கணத்தில் தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தோளைத் தொட்டு உலுக்கி, மறுபடி குறட்டை கிளம்பிய பின்னரே கண்ணயரும் பெண்கள் எத்தனையோ பேர். அவர்கள் காலையில் அதைச் சொன்னால் "உனக்குத்தான் தூக்கம் வருவதில்லை, என் மேல் ஏன் பழி?" என்ற பதில் வருகிறது. வைத்தியரிடம் கணவர் தனியே போனால், தலைவலி என்பார், அசதி என்பார். குறட்டையைச் சொல்ல மாட்டார். கேட்டாலும் "கொஞ்சம் இருக்கும்" என்று முடித்துவிடுவார். ஆகவே நாம் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இது: இந்நோய்க்கு வைத்தியரிடம் போகும்போது பக்கத்தில் படுப்பவரை அழைத்துச் செல்ல வேண்டும். அவர் சொல்லும் சாட்சியமே நோயைப் பிடிக்கும் முதல் கருவி. அவரால் வர முடியாவிட்டால், கைப்பேசியில் ஐந்து நிமிஷம் அந்த ஒலியையும் இடையில் வரும் நிசப்தத்தையும் பதிவு செய்து கொடுத்தனுப்பட்டும். நம் வீட்டுப் பெண்களின் பேச்சை ஓர் இரவுப் புலம்பலாக ஒதுக்கிவிடும் வழக்கம் இந்த ஒரு விஷயத்தில் ஆளையே பறிகொடுக்கச் செய்யும்.

வைத்திய உலகமே இதைத் தாமதமாகத்தான் கண்டுகொண்டது. ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1836-37-இல் எழுதிய பிக்விக் கதையில், நின்றபடியே தூங்கிக் குறட்டை விடும் ஜோ என்ற பருத்த பையன் வருகிறான். வாசகர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேல் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். 1956-இல் அமெரிக்க வைத்தியர் பர்வெல்லும் அவர் தோழர்களும் அந்தக் கதையின் பெயரால் ஒரு நோயையே வர்ணித்தனர். அவர்களிடம் வந்த நோயாளி ஒரு வியாபார அதிகாரி. சீட்டாட்டத்தில் மூன்று ஆஸும் இரண்டு ராஜாவும் கையில் வந்திருந்தபோது, அந்த அருமையான கையை வைத்து ஆடாமலே தூங்கிப்போனவர் அவர். பருமனால் மூச்சு மந்தப்படுவதே காரணம் என்று அன்று எண்ணினர். 1965-இல் பிரான்சிலும் ஜெர்மனியிலும் இரவு முழுதும் மூச்சைப் பதிவு செய்து பார்த்த பிறகே, உறக்கத்தில் தொண்டை திரும்பத் திரும்ப அடைபடுவது தெரியவந்தது. 1976-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் கியமினோ முதலியோர் அதற்கு இன்றைய பெயரை வழங்கினர். 2019-இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, உலகில் 30 முதல் 69 வயது வரை உள்ளவர்களில் 93 கோடிக்கு மேற்பட்டோருக்கு இலேசாகவோ கடுமையாகவோ இக்கோளாறு உண்டு. அவர்கள் தொகை மிகுந்த நாடுகளில் நம் நாடும் ஒன்று.

ஒவ்வொரு அடைப்பின்போதும் இருதயமும் இரத்தக் குழாய்களும் அதிர்ச்சிக்குள்ளாகின்றன. ஆண்டுக்கணக்கில் இது நீடிக்கும்போது இரத்த அழுத்தம் உயர்கிறது. மூன்று வகை மாத்திரை சாப்பிட்டும் அழுத்தம் இறங்காதவர்களில் அநேகரிடம் இம்மூச்சடைப்பு காணப்படுகிறது. இருதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவது, பக்கவாதம், சர்க்கரை நோய் ஆகியவற்றோடும் இதற்குத் தொடர்பு இருக்கிறது. விடியற்காலைத் தலைவலி, நா வறட்சி, இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுதல், மறதி, காரணமில்லாத எரிச்சல் ஆகியவை இதன் சில்லறைக் கணக்குகள். 2022 பிப்ரவரி 15 அன்று மும்பையில் காலமான திரைப்பட இசையமைப்பாளர் பப்பி லஹிரிக்கு வேறு உபாதைகளும் இருந்தன. எனினும் உறக்க மூச்சடைப்பையே அவரது மரணத்துக்குக் காரணமாக அவருடைய வைத்தியர் கூறினார்.

பகல் தூக்கம் இன்னும் விரைவாகப் பலி வாங்கக்கூடியது. 2013 டிசம்பர் 1 அன்று நியூயார்க் நகரில் ஒரு பயணிகள் ரயில், மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல வேண்டிய வளைவில் 132 கிலோமீட்டர் வேகத்தில் புகுந்து தடம் புரண்டது; நால்வர் இறந்தனர். ஓட்டுநர் கண்ணயர்ந்திருந்தார். அவருக்குக் கடுமையான உறக்க மூச்சடைப்பு இருந்தது விபத்துக்குப் பின்னரே கண்டறியப்பட்டது. அந்த வளைவு தூரத்தில் இருக்கிறது, நம் ஜி.எஸ்.டி. சாலை வாசற்படியில் இருக்கிறது. கத்தரியும் கீரையும் ஏற்றிக்கொண்டு நள்ளிரவில் கோயம்பேட்டுச் சந்தைக்கு வண்டி ஓட்டிச் செல்லும் அங்கத்தினர்களும், அவர்களுடைய பிள்ளைகளும் நம்மிடையே பலர். சுங்கச் சாவடியில் நிற்கும்போதே தலை சாய்கிறதென்றால், தேநீர் குடித்துச் சமாளிக்கும் விஷயம் அன்று அது. தறியில் அமர்ந்தவருக்கு இவ்வளவு அபாயமில்லை. பிற்பகலில் கண் சொருகி புட்டா எண்ணிக்கை தவறும், கூலி குறையும். விசைத்தறியிலோ விரலுக்கே ஆபத்து.

யாருக்கு இது இருக்கக்கூடும் என்று அறிய, கனடா நாட்டு டொரண்டோவில் 2008-இல் எளிய வினாப் பட்டியல் ஒன்று வகுத்தார்கள். ஸ்டாப்-பேங் என்பது அதன் பெயர். கதவு சாத்தியிருந்தாலும் கேட்கும்படி குறட்டை உண்டா, பகலில் அசதி உண்டா, மூச்சு நிற்பதைப் பிறர் பார்த்திருக்கிறார்களா, இரத்த அழுத்தம் உண்டா என்பவை நான்கு. மிகுந்த பருமன், 50-க்கு மேற்பட்ட வயது, 40 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கழுத்துச் சுற்றளவு, ஆணாக இருத்தல் ஆகியவை மற்ற நான்கு. மூன்றுக்கு "ஆம்" என்றால் வைத்தியரைப் பார்க்க வேண்டும். ஐந்துக்கு மேல் போனால் தாமதிக்கவே கூடாது. தையற்கார நாடா ஒன்று வீட்டில் இருந்தால் கழுத்தை இப்போதே அளந்து பார்க்கலாம்.

ஆனால் பட்டியலை நம்பி ஒல்லியானவர்கள் நிம்மதி கொள்ள வேண்டாம். ஆசிய நாட்டவருக்குத் தாடை அமைப்பின் காரணமாக, வெள்ளையரைவிடக் குறைந்த எடையிலேயே இது வருகிறது. பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு அபாயம் கூடுகிறது. அவர்கள் பெரிதாகக் குறட்டை விடாமல், உறக்கமின்மை, சோர்வு, மனத் தளர்ச்சி என்று மட்டும் சொல்வதால் நோய் எளிதில் தவறிவிடுகிறது. குழந்தைகள் விஷயம் தனி. வாயைத் திறந்தபடி உறங்கும், தினந்தோறும் குறட்டை விடும், படுக்கையை நனைக்கும், பள்ளியில் கவனம் சிதறும் பிள்ளையைக் கண்டித்துப் பயனில்லை. காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் காட்ட வேண்டும். டான்சிலும் அடினாய்டும் பெருத்திருந்தால் அவற்றை நீக்கியதுமே பெரும்பாலான குழந்தைகள் தேறிவிடுகின்றன.

பரிசோதனை ஓர் இரவு உறக்கம்தான். தலையில் சில கம்பிகள், மார்பிலும் வயிற்றிலும் பட்டைகள், மூக்கருகே ஒரு மெல்லிய குழாய் ஆகியவற்றைப் பொருத்துவார்கள். 2020-21-இல் கொரோனா காலத்தில் நாம் யாவரும் பழகிக்கொண்ட அந்த விரல் கவ்வியும் உண்டு. ஊசியோ வலியோ இல்லை. நோய் இருக்கக்கூடும் என்று தெளிவாகத் தெரியும் சிலருக்கு வீட்டிலேயே சிறு கருவியைக் கட்டிக்கொண்டு உறங்கிப் பார்க்கவும் வசதி உண்டு. முதலில் நெஞ்சக நோய்ப் பிரிவையோ காது மூக்கு தொண்டைப் பிரிவையோ அணுகி, இப்பரிசோதனை எங்கே செய்யலாம் என்று கேட்டறிவது நல்லது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீட்டுக்கு வரும் சுகாதார ஊழியரிடமும் குறட்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம்.

சிகிச்சையில் காசில்லாத பகுதியை முதலில் சொல்வோம். இரவில் மதுவைத் தொடக்கூடாது. அது தொண்டைத் தசையை மேலும் தளர்த்தும். வைத்தியரைக் கேளாமல் தூக்க மாத்திரை வாங்கி விழுங்குவதும் அதே காரணத்தால் அபாயம். மல்லாந்து படுத்தால்தான் அடைப்பு என்றிருப்பவர், ஒருக்களித்துப் படுத்தாலே பெரிதும் நலமடைவார். பனியனின் முதுகுப்புறத்தில் ஒரு பை தைத்து அதில் டென்னிஸ் பந்தை வைத்துக்கொள்வது மேல்நாட்டில் பழைய உபாயம். புரண்டால் பந்து உறுத்தும், தானே திரும்பிக்கொள்வார். பருமனானவர் எடையைக் குறைக்க வேண்டும். அமெரிக்காவின் விஸ்கான்ஸினில் பல ஆண்டுகள் தொடர்ந்து நடந்த ஆராய்ச்சியில், எடை நூற்றுக்குப் பத்து குறைந்தால் மூச்சடைப்பு ஏறக்குறைய நூற்றுக்கு 26 குறையும் எனவும், எடை பத்து கூடினால் 32 கூடும் எனவும் 2000-ஆம் ஆண்டில் கணித்தனர். நாக்குக்கும் தொண்டைக்கும் முறையாகப் பயிற்சி அளிப்பதும் சிலருக்கு உதவுகிறது. ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஊதும் டிஜெரிடூ என்ற நீண்ட குழலை நான்கு மாதம் ஊதிப் பழகியவர்களுக்கு நோய் குறைந்ததாக, 25 பேரை வைத்து 2006-இல் சுவிட்சர்லாந்தில் ஆராய்ந்து எழுதினார்கள். நம் நாகஸ்வர வித்துவான்களுக்கு எல்லாம் குறட்டை வராது என்று இதிலிருந்து யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம்!

நடுத்தரமாகவும் கடுமையாகவும் உள்ளவர்களுக்குச் சிறந்த சாதனம் சி-பாப் என்னும் காற்றழுத்த இயந்திரம். இது வருவதற்கு முன், கடும் நோயாளிகளுக்குக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பதே வழியாக இருந்தது. 1981-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர வைத்தியர் காலின் சல்லிவன், மூக்கின் மேல் ஒரு மூடியைப் பொருத்தி, சிறு காற்றாடி இயந்திரத்தால் ஒரே சீராகக் காற்றைச் செலுத்தி ஐந்து நோயாளிகளை உறங்கவைத்த முறையை வெளியிட்டார். மேலே சொன்ன பம்பை மறுபடி நினைத்துப் பாருங்கள்: உறிஞ்சு குழாயாக இருந்த தொண்டையை, உள்ளிருந்து தள்ளும் அழுத்தத்தால் விரிந்து நிற்கும் டெலிவரி குழாயாக மாற்றிவிடுகிறது இந்த உபாயம். அதில் வருவது பிராணவாயு அன்று, அறைக் காற்றே. ஒழுங்காக அணிந்தவருக்குக் குறட்டை முதல் இரவிலேயே அடங்கும். பகல் தூக்கம் சில நாட்களில் விலகும்.

இதன் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விலை பல்லாயிரம் ரூபாய், மின்சாரம் வேண்டும், முகமூடி பழகச் சில வாரம் பிடிக்கும். இருதய நோயோ பக்கவாதமோ முன்பே வந்த 2,700-க்கு மேற்பட்டோரிடம் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஒரு பெரிய ஆராய்ச்சியில், இயந்திரம் பகல் தூக்கத்தையும் குறட்டையையும் குறைத்ததே தவிர, மாரடைப்பு முதலியவற்றைக் குறைத்ததாகத் தெரியவில்லை. அவர்கள் அதை அணிந்தது சராசரி இரவுக்கு 3.3 மணி நேரமே என்பதும் கவனிக்கத் தக்கது. பாதி இரவு அணிந்தவருக்கு முழு இரவின் பலன் கிட்டுமா என்ற கேள்வி அங்கேயே நிற்கிறது. ஆகவே எடுத்தவுடன் விலைக்கு வாங்காமல், இரண்டு மூன்று வாரம் வாடகைக்கு எடுத்து அணிந்து பார்த்து, முகமூடி முகத்துக்குப் பொருந்துகிறதா, காற்று கசிகிறதா என்று தெரிந்துகொண்ட பிறகு பணம் போடுவதே சிக்கனம். முகமூடியை நாள்தோறும் இலேசான சோப்பு நீரில் கழுவ வேண்டும். காற்று வடிகட்டியில் பஞ்சுத் தூசு படியும் நெசவாளர் வீடுகளில் அதை அடிக்கடி பார்த்து மாற்ற வேண்டும்.

இலேசான நோய்க்கும், இயந்திரம் ஒத்துவராதவருக்கும், கீழ்த்தாடையைச் சற்று முன்னே நிறுத்தி வைக்கும் பல் தகட்டைப் பல் வைத்தியர் அளவெடுத்துச் செய்து கொடுப்பார். தொண்டையில் அறுவைச் சிகிச்சை எல்லாருக்கும் ஏற்றதன்று. எந்த இடத்தில் அடைப்பு என்று பார்த்தே செய்ய வேண்டும். பருமனோடு கூடிய நோய்க்கு டிர்செபடைடு என்ற ஊசி மருந்தை 2024 டிசம்பரில் அமெரிக்க அரசு அங்கீகரித்தது. அது வைத்தியர் கண்காணிப்பில் போட வேண்டியது. சானடோரியத்தில் 2005 முதல் இயங்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தை நாடுவோரும் நம்மில் உண்டு. மூக்கடைப்புக்கும் எடைக்கும் எந்த முறையில் சிகிச்சை பெற்றாலும், இரவில் மூச்சு நிற்பதாக வீட்டார் சொன்னால் உறக்கப் பரிசோதனையைத் தவிர்க்கலாகாது. மூக்கில் மாட்டும் காந்த வளையம், குறட்டையைக் கேட்டு அதிரும் கைப்பட்டை என்று விளம்பரங்களில் வருபவற்றில் பணத்தை விட வேண்டாம் என்பது நம் அபிப்பிராயம்.

இன்னொன்று. ஸ்டாப்-பேங் பட்டியல் முதலில் வகுக்கப்பட்டதே அறுவைச் சிகிச்சைக்கு வரும் நோயாளிகளுக்காகத்தான். மயக்க மருந்தும் அதன் பிறகு கொடுக்கும் வலி மருந்தும் தொண்டைத் தசைகளைத் தூக்கத்தைவிட அதிகமாகத் தளர்த்துகின்றன. குடலிறக்கமோ கர்ப்பப்பையோ பித்தப்பையோ, எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் குறட்டை உண்டு, மூச்சு நிற்பதுண்டு என்பதை மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சி-பாப் இயந்திரம் வைத்திருப்பவர் அதையும் மருத்துவமனைக்குக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.